கோடு எங்கே விழுகிறது? மொரீஷியஸ் தொகுதி எல்லைகள் பற்றி ஒரு சொற்பொழிவு

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ரோஸ்ஹில்காரரிடம் எந்தத் தொகுதி என்று கேட்டால் "பத்தொன்பது" என்பார். போபாசேன்காரர் "இருபது" என்பார். எண்ணைச் சொல்லியே பழகிவிட்டோம். முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 18: பெல் ரோஸ், குவாத்ர் போர்ன். 19: ஸ்டான்லி, ரோஸ்ஹில். 20: போபாசேன், பெத்தித் ரிவியேர். எல்லாம் இரட்டைப் பெயர். ஒரு தொகுதிக்கு எதற்கு இரண்டு பெயர்?

1948 தேர்தலில் தீவு முழுவதும் 5 பெரிய வட்டாரங்கள், 19 உறுப்பினர்கள். 1959 தேர்தலுக்கு அது 40 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, தொகுதிக்கு ஒருவர். தேர்தல் முறையை ஆராய 1966-இல் வந்த பான்வெல் குழு அந்த நாற்பதை இரண்டிரண்டாகச் சேர்த்து 20 ஆக்கி, தொகுதிக்கு 3 உறுப்பினர் என்றது. ஒட்டுப்போட்ட தையல் இன்றும் பெயரில் தெரிகிறது. அப்போதுதான் 21-ஆவதாக ரொட்ரிகஸ் என்ற புதுத் தொகுதியும் பிறந்தது. அதற்கு 2 உறுப்பினர். அதுவரை வாக்கே இல்லாதிருந்த அந்தத் தீவு மக்கள், 1967 ஆகஸ்டு 7-இல் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். அதற்கு எல்லை வரைய யாரும் பென்சில் எடுக்க வேண்டியதில்லை; கடலே எல்லை. தகராறெல்லாம் இங்கே, மற்ற இருபதில்.

இன்று புதிதாக ஒரு 22-ஆவது தொகுதி வேண்டுமென்றால், 21 என்ற எண் அரசியல் சட்டத்தின் 39-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதை மாற்றப் பாராளுமன்றப் பேரவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் 5 ஆக இருந்த தொகுதிகள் 7 ஆகி, 2012 தேர்தல் அந்த ஏழில் நடந்தது. நம் நாட்டில் எண்ணிக்கை அசையாது, கோடுதான் அசையும். ஆகவே நாம் கவனிக்க வேண்டியது கோட்டை.

கோடு போடுவது தேர்தல் எல்லை ஆணையம். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அடிப்படைக் கணக்கு எளிது: மொரீஷியஸ் தீவின் மக்கள்தொகையை 20-ஆல் வகுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தீவில் சுமார் 11,96,000 பேர். ஒரு தொகுதிக்கு 59,800 வருகிறது. கவனியுங்கள், இது வாக்காளர் கணக்கு அல்ல, குடியிருப்போர் கணக்கு. கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. இதைக் குழப்பிக்கொண்டு பேசுகிறவர்கள் நிறைய.

நடைமுறையில் போர்ட் லூயியிலுள்ள 3-ஆம் தொகுதிக்கும் மேற்குக் கரைப்பக்கத்து 14-ஆம் தொகுதிக்கும் வாக்காளர் எண்ணிக்கையில் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். போர்ட் லூயி நகரத்துக்குள் ஆள் குறைந்து, மேற்குக் கரைப்பக்கம் வீடுகள் பெருகியதுதான் காரணம். ஆனாலும் இரண்டு தொகுதியும் மூன்று மூன்று பேரைத்தான் அனுப்புகின்றன. 3-இல் ஒரு வாக்கின் எடை 14-இல் இரண்டு வாக்கின் எடை. இது அநியாயம் என்று நான் சொல்லத் தயங்கவில்லை. அரசியல் சட்டத்தின் அதே 39-ஆம் பிரிவு போக்குவரத்து, நில அமைப்பு, மக்கள் நெருக்கம், நிர்வாக எல்லை ஆகியவற்றுக்காகச் சராசரியிலிருந்து விலகலாம் என்கிறது. எவ்வளவு விலகலாம் என்று எண் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சட்டம் மாவட்டச் சராசரியிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று கட்டிப்போடுகிறது. நமக்கும் அப்படி ஒரு எண் வேண்டும்.

சரி, சிறிய தொகுதியை நிரப்பிவிட்டால் போயிற்றே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தொகுதியில் 48,000 பேர். இன்னும் 12,000 வேண்டும். பக்கத்துத் தொகுதியில் 63,000. அங்கிருந்து 12,000 எடுத்தால் அது 51,000-க்கு இறங்கிவிடும். அதற்கு ஈடு கட்ட மூன்றாவதிலிருந்து எடுக்க வேண்டும், மூன்றாவதற்கு நான்காவதிலிருந்து. ஒரு இடத்தில் இழுத்த நூல் நாலு தொகுதியைச் சுருக்கும். இதனால்தான் ஒரே ஒரு தொகுதியைத் திருத்துவது என்பது அநேகமாக நடக்காத காரியம்.

அடுத்து, தொகுதிக் கோட்டை வார்த்தையில் சொல்லும் எல்லை விவரணையைப் படிக்கும் விதம். அது வரைபடத்தைவிட முக்கியம். ஒரு புள்ளியில் தொடங்கும். சாலை, ஆறு, ஓடை என்று திசை சொல்லிச் சுற்றிவந்து அதே புள்ளியில் முடியும். சாலையின் நடுவே கோடு என்றிருந்தால் உங்கள் வீடு ஒரு தொகுதி, எதிர்வீடு வேறு தொகுதி. விரலால் வரைபடத்தில் தொட்டுக்கொண்டே படியுங்கள். சுற்று மூடவில்லையென்றால் எங்கோ பிழை. கரும்புத் தோட்டத்துப் பாதையை எல்லையாகச் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மோர்செல்மான் போட்டு மனை பிரித்து வீடு கட்டிவிட்டால் பாதையே இருக்காது. புதுத் தெருவின் எந்தப் பக்கம் எந்தத் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. பெயர் மாறிய தெருவும் இதே தொல்லைதான்.

இதையெல்லாம் எப்போது சொல்வது? ஆணையம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. அறிக்கை பேரவைக்குப் போய்விட்டால், பேரவை அதை ஏற்கலாம் அல்லது தள்ளலாம்; திருத்த முடியாது. ஒரு தெருவைக்கூட இந்தப் பக்கம் நகர்த்த முடியாது. மனு எழுதினால் "எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பேருந்து வழி என்று எழுதுங்கள். சட்டம் பார்க்கச் சொல்வது அதைத்தான். அந்த வீடுகளை விட்டால் எண்ணிக்கையை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதையும் நீங்களே காட்டுங்கள்.

ஏற்றுக்கொண்ட எல்லையும் அன்றே அமலுக்கு வராது. அடுத்த முறை பாராளுமன்றம் கலைக்கப்படும்போதுதான் வரும். நடுவில் இடைத்தேர்தல் வந்தால் பழைய கோடுதான். கோடு மாறிய பிறகு வரும் பொதுத்தேர்தலில், பழைய பள்ளிக்கூடத்துக்கே போய் நின்று பட்டியலில் பெயரில்லை என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். உங்கள் தெருவில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து, புதிய பட்டியலில் அவர்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தச் சாவடியில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். கூடவே, வாக்குச்சீட்டில் சரியாக மூன்று பேருக்குக் குறி போட வேண்டும், இரண்டோ நான்கோ போட்டால் செல்லாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.