தாது வருஷமும் சேலத்தின் வயதுக் கணக்கும்

வணக்கம் நேயர்களே.

1871-ல் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-ல் அது 16 லட்சத்துக்கும் சற்றுக் கீழே இறங்கியது. 1891-ல் மறுபடியும் 19 லட்சத்து 62 ஆயிரம். அன்றைய சேலம் மிகப் பெரிய மாவட்டம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளும் அதில் அடக்கம். இந்த மூன்று எண்களை மட்டும் பார்ப்பவர், 20 வருஷத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, போனது திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அப்படி நினைத்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நடுவில் நடந்தது தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கான கூலியை, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள், ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று வெட்டினார். ஏறக்குறைய 450 கிராம் தானியம். நாள் முழுக்கக் கல்லுடைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதியவர், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். 1871-ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கின் அறிக்கையை எழுதியவரும் அவர்தான். எண்ணிய மனிதர்களுக்காகவே வாதாடியவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி மக்கள்தொகைக் கணக்கின் வயதுப் பட்டியலுக்கு வருவோம். பஞ்சத்தில் சாவு எல்லா வயதையும் ஒன்றுபோலத் தொடுவதில்லை. கைக்குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போகிறார்கள். அதோடு பிறப்பும் நின்றுபோகிறது. பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், கரு தங்காது. கணவன் வேலை தேடி எங்கோ போயிருப்பான். ஆக, பஞ்சம் உச்சத்தில் இருந்த மாதங்களுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தொட்டில்கள் காலியாகவே இருந்தன. 1881 பிப்ரவரி 17-ம் தேதி இரவுக் கணக்கெடுப்பில் இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வரிசை மெலிந்து நிற்பது அதனால்தான். பத்து வருஷம் கழித்து அதே பள்ளம் 12, 13, 14 வயதில் இருக்கும். இன்னும் பத்து வருஷத்தில் 22, 23, 24. மொத்தத் தொகை பழைய நிலைக்கு வந்தபிறகும் பட்டியலுக்குள் அந்தப் பள்ளம் வயதேறிக்கொண்டே போகிறது.

ஆனால் அதை அப்படியே கண்ணால் பார்க்க முடியாது. காரணம், வயது சொல்லும் பழக்கம். கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்கு வயசென்ன?" என்று கேட்கிறார். "தாது வருஷப் பஞ்சத்துல நான் மூணு பிள்ளைக்குத் தாய், நீயே போட்டுக்கோப்பா" என்கிறார் பாட்டி. இவர் 50 என்று எழுதுகிறார். இப்படித்தான் 30, 40, 50, 60-ல் ஆட்கள் குவிந்துகிடப்பார்கள்; 29-லும் 31-லும் பாதிகூட இருக்காது. அதனால் ஒற்றை வயதை நம்பாமல் ஐந்தைந்து வருஷமாகச் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

பட்டியலில் பெண்களுக்கான பத்தியில் இன்னொரு சிக்கல். பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பெண்பிள்ளைகள் எப்போதுமே குறைவாகத்தான் பதிவானார்கள். கல்யாணமான பெண்ணுக்கு வயதைக் கூட்டிச் சொல்வார்கள். வயதுக்கு வந்தும் கல்யாணமாகாத பெண்ணைச் சில வீடுகளில் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஆகவே 1891 பட்டியலில் அந்த வயதுப் பெண்கள் குறைந்திருப்பதை முழுக்கப் பஞ்சத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதலில் ஆண்கள் பத்தியைப் பாருங்கள், பிறகு பெண்கள் பத்திக்கு வாருங்கள். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

ஆண், பெண் விகிதமும் மாறியது. சென்னை மாகாணத்தில் 1871-ல் ஆண்கள் சற்று அதிகம். 1881-ல் பெண்கள் அதிகம். பட்டினியைத் தாங்கும் வலு பெண் உடம்புக்குக் கூடுதல் என்பது உலகின் பல பஞ்சங்களில் தெரிந்த உண்மை. ஆனாலும், ஆள் குறைந்தால் செத்துவிட்டான் என்று பொருளில்லை. கணக்கெடுப்பு அன்றிரவு யார் எங்கே இருந்தார்களோ அங்கேதான் அவர்களை எண்ணியது. இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன் சேலத்தின் பட்டியலில் வரமாட்டான். இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் மட்டும் ஆண்கள் குறைந்திருந்தால் புலம்பெயர்வைச் சந்தேகிக்க வேண்டும். முதியவர்களிலும் சேர்ந்து குறைந்திருந்தால் சாவை.

1901-ல் சேலம் 22 லட்சத்தைத் தாண்டியது. அந்த வருஷம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள் நம் கொள்ளுப்பாட்டிகள், அவர்களுக்கும் முந்தைய தலைமுறையினர். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஜாதகக் கட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாது, ஈசுவர, வெகுதானிய வருஷங்களில் பிறந்தவர்கள் அதில் எத்தனை பேர், அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிவையுங்கள். பத்துக் குடும்பங்களின் கணக்கைச் சேர்த்தால்கூட ஓர் ஊரின் கதை துலங்கத் தொடங்கும்.

நன்றி, வணக்கம்.