கிளி பேசணுமா? முதல்ல நீங்க ரெண்டு பேர் பேசுங்க!

"சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை"ன்னு சொல்றோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம் தெரியுமா? ஒரு கிளி, யாரும் சொல்லித் தராமலே ஆப்பிளுக்குத் தானா ஒரு பேரு வெச்சுது: "பனெரி"! பனானாவும் செர்ரியும் அதுக்கு ஏற்கெனவே தெரியும்.

வணக்கம் மக்களே! அந்தக் கிளி பேரு அலெக்ஸ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 1977ல ஐரீன் பெப்பர்பெர்க்ங்கிற ஆய்வாளர் சிகாகோ கடை ஒண்ணுல வாங்கினாங்க. 2007ல சாகுறப்போ 100 சொல்லுக்கு மேல அதுக்குத் தெரியும்.  அது எப்படிக் கத்துக்கிச்சு? விஷயத்துக்கு வருவோம்.

பெப்பர்பெர்க் கிளிகிட்ட மட்டும் பேசி விட்டுடல. கிளி முன்னாடி ரெண்டு பேர் உக்காருவாங்க. ஒருத்தர் சாவியைக் காட்டி "இது என்ன?"ம்பார். இன்னொருத்தர் "சாவி"ன்னா, சாவி அவர் கைக்கு வந்துடும். தப்பா சொன்னா சாவி மறைஞ்சிடும். அப்புறம் ரெண்டு பேரும் இடம் மாறிக்குவாங்க. கிளி பார்த்துக்கிட்டே இருக்கும். நம்ம பொருளை இன்னொருத்தன் வாங்கிட்டுப் போறானேன்னு அதுக்குத் தவிப்பு! அதுவும் சொன்னா, பரிசு அதே சாவிதான். சொல்லுக்குப் பலன் உண்டுன்னு அப்பதான் அதுக்குப் புரியுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இந்த இடம்தான்.

நம்ம ஊர் பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கிறது சட்டப்படி குற்றம். தயவுசெஞ்சு வாங்காதீங்க. "லவ் பேர்ட்ஸ்"னு கடையில கேட்டா பெரும்பாலும் கொடுக்கிறது பட்ஜி, ஆஸ்திரேலியாவோட குட்டிக் கிளி. கலிஃபோர்னியாவுல பக்ங்கிற பட்ஜி 1,728 சொல் பேசி கின்னஸ்ல ஏறிச்சு!

ஆனா பயந்த பறவை பேசாது. பிடிக்க வர்ற கை அதுக்குப் பருந்தோட கால் மாதிரி. துண்டு போட்டு அமுக்கிப் பழக்குறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். முதல் வாரம் கூண்டு பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு மட்டும் இருங்க. அப்புறம் தினைக் கதிர் ஒண்ணை கம்பி வழியா நீட்டுங்க. காலை நகர்த்தாம கழுத்தை மட்டும் நீட்டி, ஒரு மணியைப் பறிச்சுக்கிட்டுப் பின்னாடி ஓடும். அப்பவும் கையை அசைக்காதீங்க. திரும்ப வரும்!

வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டினது தினைப்புனத்துலதானே? அதே தினையைக் காட்டி இன்னிக்கு நாம கூப்பிடுறோம்!

உங்க பறவை முதல்ல என்ன சொல்லுச்சு? கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன்.