எட்டு மணித்தியாலம், ஒரு புள்ளி

வணக்கம் நேயர்களே.

வீடியோ கேம் பற்றி வந்து கதைக்கச் சொல்லி வானொலி நிலையத்தில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் கனடாவில் ஸ்காபரோவில் 19 வருடமாய் பஸ் ஓட்டுகிறவன். அதிலும் பெரும்பாலும் இரவு டியூட்டி. கேம் எல்லாம் பிள்ளைகளின் விஷயம். ஆனால் ஒரு கேம் இருக்கிறது. அதைப் பற்றி என்னைக் கேட்டால் விடியும்வரை கதைப்பேன். இன்றைக்குப் பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள்.

ஒரு நவம்பர் மாதம். டியூட்டி முடிந்து விடிய இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தால், மகள் நித்திரை கொள்ளாமல் கம்பியூட்டருக்கு முன்னால். திரையில் ஒரு பஸ். இரண்டு பக்கமும் பாலைவனம், நேரான றோட்டு. எதிரே ஒரு வாகனம் இல்லை, பஸ்ஸில் ஒரு சனம் இல்லை. பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் நாலைந்து பேர் சோபாவில் இருந்து பகிடிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பஸ்ஸை ஓட்டியபடி. "என்ன பிள்ளை இது?" என்றேன். "அப்பா, இது உங்கட டியூட்டியை விட மோசம்" என்றாள். நானும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்து பார்த்தேன்.

அந்த கேமின் பெயர் டெசர்ட் பஸ். அமெரிக்காவில் பென், டெல்லர் என்று இரண்டு மாயவித்தைக்காரர்கள் இருக்கிறார்கள். வீடியோ கேம்களில் வன்முறை கூடிவிட்டது என்று அங்கே பெரிய சண்டை நடந்த காலத்தில், 1995 அளவில், "சரி, வன்முறையே இல்லாத கேம் ஒன்று தருகிறோம்" என்று நையாண்டிக்குச் செய்தது. அரிசோனாவில் துக்சன் நகரத்திலிருந்து நெவாடாவில் லாஸ் வேகஸ்வரை பஸ் ஓட்டவேண்டும். உண்மையான நேரத்தில். மணிக்கு 45 மைல்தான் ஓடும். எட்டு மணித்தியாலம். இடையில் நிறுத்தி வைக்க ஏலாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று! பிறகு திருப்பித் துக்சனுக்கு ஓட்டினால் இன்னொரு புள்ளி. வெளியிட இருந்த கம்பனி மூடுப்பட்டதால் அந்த கேம் கடைக்கே வரவில்லை. பிறகு எப்படியோ ஒரு பிரதி வெளியே கசிந்தது.

இனி நான் சொல்லப்போவதைப் பஸ், லொறி ஓட்டுகிற நேயர்கள் கவனமாய்க் கேளுங்கோ. அந்த பஸ் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும். அதனால் பட்டனில் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுக்க ஏலாது. பார்க்கிறவர்கள் இதை ஒரு கேலி என்று நினைப்பார்கள். நான் சொல்கிறேன், அது சத்தியம். மழைத்தண்ணி வழிந்தோட வேண்டும் என்று பொதுவாய் றோட்டை நடுவில் உயர்த்தி, கரையைப் பதித்துத்தான் போடுவார்கள். இங்கே நாங்கள் வலப்பக்கம் ஓடுகிறோம். அப்ப வாகனமும் மெல்ல மெல்ல வலப்பக்கக் கரைக்குத்தான் சரியும். ஊரில் இடப்பக்கம் ஓடுகிறோம், அங்கே இடப்பக்கம் சரியும். கார்க்காரருக்கு இது பெரிதாய்த் தெரியாது. 40 அடி பஸ்ஸை ஒரு இரவு முழுக்கப் பிடித்துப்பாருங்கோ, விடியத் தோள்மூட்டு சொல்லும். அமெரிக்காவிலும் வலப்பக்கம்தான் ஓடுகிறார்கள். கேமைச் செய்தவனுக்கு இது தெரிந்திருந்ததோ, குருட்டுவாக்கில் வந்ததோ, இழுக்கிற பக்கம் சரி!

கவனம் பிசகி பஸ் றோட்டை விட்டு இறங்கினால் எஞ்சின் நின்றுவிடும். ஒரு லொறி வந்து கட்டி இழுத்துக்கொண்டு துக்சனுக்கே திரும்பக் கொண்டுபோகும். அதுவும் உண்மையான நேரத்தில். ஆறு மணித்தியாலம் ஓட்டியிருந்தால் அவ்வளவு தூரமும் இழுபட்டுப் போவதை இருந்து பார்க்க வேண்டும். நானும் ஒருமுறை பனிக்காலத்தில் இழுபட்டுப் போயிருக்கிறேன், அதைச் சொல்ல வெளிக்கிட்டால் நேரம் போய்விடும். வழியில் நடக்கிற ஒரே சம்பவம், ஐந்து மணித்தியாலம் அளவில் ஒரு பூச்சி வந்து முன்கண்ணாடியில் அடிபட்டுச் சாகும். அந்தப் பூச்சிக்குக் காத்திருந்து ஆயிரக்கணக்கான பேர் கொண்டாடுவார்கள். நம்புங்கோ.

இந்த விசர் வேலையைக் காசு சேர்க்கப் பாவிக்கலாம் என்று 2007 நவம்பரில் நாலு பேருக்குத் தோன்றியது. எங்கள் நாட்டுக்காரர்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விக்டோரியா நகரத்தில் பகிடி வீடியோக்கள் செய்கிற இளைஞர்கள். அவர்கள் வருடா வருடம் இணையத்தில் நேரடியாய்க் காட்டிக்கொண்டு ஓட்டுவதைத்தான் அன்றைக்கு மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்கிற காசு சைல்ட்ஸ் பிளே என்ற அமைப்புக்கு. ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் வீடியோ கேம்களும் கொடுக்கிற அமைப்பு அது.

அவர்கள் போட்ட கணக்கைக் கேளுங்கோ. முதல் மணித்தியாலம் ஓட்டச் சனம் தரவேண்டியது ஒரு டொலர். அடுத்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் முந்தியதை விட 7 வீதம் கூட. வட்டிக்கு வட்டி மாதிரி. முதல் நாள் முழுக்க ஓட்ட 60 டொலர் கூடத் தேவையில்லை. இரண்டு நாளுக்கு 350 அளவில். 100 மணித்தியாலம் என்றால் 12,000 தாண்டிவிடும். ஒரு முழுக் கிழமை ஓட்ட 12 இலட்சம் டொலருக்கு மேல் வேண்டும். முதல் வருடமே 22,000 டொலருக்கு மேல் சேர்ந்து, நாலரை நாள் ஓட்டினார்கள். கேமைச் செய்த அந்த மாயவித்தைக்காரரே தொலைபேசி எடுத்து, சாப்பாடும் வாங்கிக் கொடுத்தார்கள். 2020இல் ஒரே வருடத்தில் 10 இலட்சம் டொலரைத் தாண்டியது.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு உபயகாரருடையது அல்லவா? மூன்றாம் திருவிழா இன்ன குடும்பம், ஏழாம் திருவிழா இன்ன ஊரார் என்று. இங்கே நாளை விட்டு மணித்தியாலத்துக்கு உபயம். வித்தியாசம் என்னவென்றால், கடைசி மணித்தியாலத்தை ஒருவர் தனியாய்ச் செய்ய ஏலாது, அவ்வளவு விலை. ஊர் கூடித்தான் செய்யவேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது காசுக் கணக்கு இல்லை. அவர்கள் ஒரு நாளை ஆறு ஆறு மணித்தியாலமாய் நாலு டியூட்டியாய்ப் பிரித்திருக்கிறார்கள். நடுச்சாமத்திலிருந்து விடிய ஆறுவரை உள்ளதற்கு ஸீட்டா ஷிஃப்ட் என்று பெயர். அவர்களுக்கு நடுச்சாமம் என்றால் எங்களுக்கு விடிய மூன்று மணி. நான் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்ற அவர்கள் டியூட்டிக்கு ஏறுவார்கள். அந்த நேரத்தில் பகிடியும் வராது, பாட்டும் வராது. கண் சிவந்து இருப்பார்கள். காசு கொஞ்சம் கொஞ்சமாய் விழும். அப்பவும் ஓட்டுவதை விடமாட்டார்கள். எங்கள் ஊரில் விடிய விடிய மேளச்சமா, அதாவது தவில் நாதஸ்வரக் கச்சேரி, கேட்டவர்களுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். நல்லாய் வாசிக்கிறார்களா என்று கேட்கிற கட்டம் தாண்டி, எழும்பிப் போக மனம் வராமல் இருக்கிற கட்டம்.

மகளுக்கு எட்டு வயதில் ஒரு வருத்தம் வந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பின்னேரத்தில் ஒருவர் சில்லு வைத்த வண்டியில் ஒரு சின்ன ரீவியும் கேமும் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு கையில் சேலைன், மற்றக் கையால் விளையாடுவாள். ஊசி போட்டதே அவளுக்குத் தெரியவில்லை என்று தாதி சொன்னா. இரவில் வண்டி போய்விடும். நான் கதிரையில் இருப்பேன். செய்கிறதுக்கு ஒன்றும் இல்லை. இருக்கிறதுதான் வேலை. அவள் அந்த பஸ்ஸை ஏன் இரண்டரை மணிவரை பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். உண்மையில் நான் கதைக்க வந்தது இனித்தான். போன வருடம் நாங்களும் வீட்டில் அதே பஸ்ஸை 24 மணித்தியாலம் ஓட்டினோம், 640 டொலர் சேர்ந்தது. நீங்களும் செய்ய நினைத்தால்: காசை உங்கள் கையால் வாங்காதேங்கோ, தொண்டு அமைப்பின் பக்கத்துக்கே நேரே போகட்டும். தனி ஆளாய் ஓட்டாதேங்கோ, டியூட்டி போட்டு மாறுங்கோ. முடிந்த கையோடு கார் எடுக்காதேங்கோ, முதலில் நித்திரை. காசு தந்தவரின் பெயரைச் சத்தமாய், சரியாய் வாசியுங்கோ. இன்னும் நாலு விஷயம் எழுதி வைத்திருந்தேன், ஒரு விரல் காட்டிவிட்டார். சாப்பாடு மட்டும் சொல்லிவிடுகிறேன். இரவில் கொத்துரொட்டி வேண்டவே வேண்டாம். இடியப்பம், சொதி காணும். 19 வருடம் பஸ் ஓட்டிய என்னை விடிய நாலு மணிக்குத் துக்சனுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போக வைத்தது அந்தக் கொத்துரொட்டிதான். வணக்கம்.