வில்லங்கமான கிரயம்: லூசியானாவை அமெரிக்கா வாங்கிய கதை

[திரையில்: 1803-ஆம் ஆண்டின் வட அமெரிக்க வரைபடம். மிசிசிப்பி ஆறு மட்டும் நீல நிறத்தில்.]

1803 ஏப்ரல் 11, பாரிஸ். அமெரிக்கத் தூதர் ராபர்ட் லிவிங்ஸ்டன் பல மாதங்களாக பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலேரானிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கேட்டது முக்கியமாக ஓர் ஊரைத்தான்: நியூ ஆர்லியன்ஸ். அன்றைக்குத் தாலேரான் திடீரென்று கேட்டார்: "லூசியானா முழுவதையும் எடுத்துக்கொள்வதென்றால் என்ன தருவீர்கள்?"

லிவிங்ஸ்டனுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் இந்தக் கேள்வி நன்றாகவே கேட்டிருக்கும்.

அங்கே தொடங்கிய பேரம் மூன்றே வாரத்தில் முடிந்தது. விலை 1.5 கோடி டாலர். நிலம் பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் பரப்பளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஏக்கர் கணக்குப் போட்டால் மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும். பள்ளிப் பாடங்களில் இது உலகத்திலேயே மலிவான நில வியாபாரம் என்று வரும். வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்காதே என்பார்கள். இந்த நிலத்துக்கு வில்லங்கம் பார்த்திருந்தால் ஒரு பக்கம் போதாது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதே சந்தேகம். வாங்கியவருக்கு வாங்கும் அதிகாரம் இருந்ததா என்று வாங்கியவரே சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தோடு அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வீடியோவின் முக்கியமான விஷயம்.

[திரையில்: அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே டென்னசி ஆறு ஓஹையோவிலும், ஓஹையோ மிசிசிப்பியிலும் கலப்பது.]

முதலில், நியூ ஆர்லியன்ஸ் எதற்கு? கென்டக்கியிலும் டென்னசியிலும் குடியேறியிருந்த விவசாயிகளிடம் மாவு, புகையிலை, பன்றி இறைச்சி, விஸ்கி எல்லாம் இருந்தன. கிழக்குக் கடற்கரைக்கு மலை தாண்டி வண்டியில் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. தட்டையான மரப்படகில் ஏற்றி ஆற்றோடு விட்டால் நியூ ஆர்லியன்ஸ் வந்துவிடும். அங்கே சரக்கை விற்று, படகையும் பிரித்து மரமாக விற்றுவிட்டுப் பலர் கால்நடையாகவே ஊர் திரும்புவார்கள். 1795-இல் ஸ்பெயினோடு போட்ட ஒப்பந்தம் அந்தத் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவைத்துக் கப்பலுக்கு மாற்றும் உரிமையைத் தந்திருந்தது.

1800-இல் ஸ்பெயின் ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் லூசியானாவை பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1802 அக்டோபரில், இன்னும் ஊரை நிர்வகித்துக்கொண்டிருந்த ஸ்பானிய அதிகாரி அந்தச் சரக்கு உரிமையை ரத்து செய்தார். மேற்கத்திய விவசாயிகள் கொதித்துப்போனார்கள். எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட்கள் "போர் தொடு, ஊரைப் பிடி" என்று ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனைக் குத்திக்காட்டினார்கள். ஜெபர்சனின் வாக்கு வங்கியே அந்த விவசாயிகள்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிரான்சை நேசித்தவர் என்று பெயர் எடுத்த ஜெபர்சனே அதற்குச் சில மாதம் முன்பு லிவிங்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார்: உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் யாரானாலும் அவர் நமக்கு இயல்பான எதிரி. பிரான்ஸ் அங்கே வந்து உட்கார்ந்தால் நாம் பிரிட்டிஷ் கடற்படையோடு கைகோர்க்க வேண்டியதுதான். பிறகு ஜேம்ஸ் மன்ரோவைச் சிறப்புத் தூதராக அனுப்பினார். நியூ ஆர்லியன்ஸையும் புளோரிடாவையும் 1 கோடி டாலருக்குள் பேசி முடி என்பது உத்தரவு. ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலத்தை வாங்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை.

[திரையில்: வரைபடம் கரீபியன் கடலுக்கு நகர்கிறது. செயின்ட் டொமிங்.]

நெப்போலியன் ஏன் விற்றார்? இதற்குப் பதில் ஹெய்ட்டியில் இருக்கிறது, அன்றைய பெயரில் செயின்ட் டொமிங். சர்க்கரையும் காபியுமாக பிரான்சுக்குப் பணம் கொட்டிய தீவு. அங்கே அடிமைகள் எழுந்து விடுதலை பெற்றிருந்தார்கள். தீவை மறுபடி பிடிக்க 1801 கடைசியில் நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லேரின் தலைமையில் பெரும்படை அனுப்பினார். தலைவர் தூசன் லூவெர்ச்சூரைப் பிடித்து பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் மலைக்கோட்டைச் சிறையிலேயே இறந்தார். ஆனால் போர் ஓயவில்லை. மஞ்சள் காய்ச்சல் வேறு படையைத் தின்றது. லெக்லேரே அந்தக் காய்ச்சலில் போனார். செயின்ட் டொமிங்குக்கு உணவும் மரமும் அனுப்பும் இடமாகத்தான் லூசியானாவை நெப்போலியன் நினைத்திருந்தார். தீவு இல்லையென்றால் லூசியானா எதற்கு? பிரிட்டனோடு அடுத்த போர் வேறு வாசலில் நின்றது. போர் வந்தால் பிரிட்டிஷ் கடற்படை நியூ ஆர்லியன்ஸைச் சும்மா விடாது. பறிகொடுப்பதற்குப் பதில் விற்பது லாபம்.

அமெரிக்கா தன் பரப்பை இரட்டிப்பாக்கியதற்கு ஹெய்ட்டியின் கறுப்பினப் போராளிகளுக்குத்தான் முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹெய்ட்டியின் விடுதலையை அமெரிக்கா அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1862-இல்தான்.

விற்கும் உரிமைக்கு வருவோம். ஸ்பெயின் லூசியானாவைக் கொடுத்தபோது, இதை வேறொரு நாட்டுக்குக் கைமாற்ற மாட்டோம் என்று பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. செய்தி தெரிந்ததும் ஸ்பெயின் கத்திப் பார்த்தது, பலனில்லை. நெப்போலியனின் தம்பி லூசியன் தன் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சி எழுதியிருக்கிறார்: நெப்போலியன் குளியல் தொட்டியில் இருக்கிறார், அண்ணன் ஜோசப்பும் லூசியனும் போய் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் விற்கக் கூடாது என்று வாதிடுகிறார்கள், கோபத்தில் நெப்போலியன் தொட்டியிலேயே எழுந்து மீண்டும் தொப்பென்று விழ, ஜோசப் தலை முதல் கால் வரை நனைகிறார். லூசியன் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே விற்றார் என்பது உண்மை.

[திரையில்: மான்டிசெல்லோ வீட்டின் படிப்பறை. மேசையில் தாள்கள்.]

இப்போது வாங்கியவர் பக்கம். 1803 ஜூலை 4 வாக்கில் செய்தி வாஷிங்டனில் பரவியது. எங்கும் கொண்டாட்டம். ஜெபர்சனுக்கு மட்டும் ஓர் உறுத்தல்.

இதைப் புரிந்துகொள்ள 1791-க்குப் போக வேண்டும். அப்போது நிதித்துறைத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஒரு தேசிய வங்கி தொடங்கப் பார்த்தார். அரசியல் சட்டத்தில் வங்கி என்ற சொல்லே இல்லை, எழுதித் தராத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது என்று எதிர்த்தவர் ஜெபர்சன். அவருடைய ரிபப்ளிகன் கட்சியே அந்தக் கொள்கையின் மேல் கட்டப்பட்டதுதான். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சரி, வெளிநாட்டு நிலத்தை வாங்கி நாட்டோடு சேர்க்கலாம் என்று அரசியல் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை.

ஜெபர்சன் இதை மறைக்கவில்லை. அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதிப் பார்த்தார், பிறகு இன்னொன்று. ஆகஸ்டில் செனட்டர் பிரெக்கின்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில், அரசியல் சட்டத்தைத் தாண்டிய செயலைச் செய்துவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிதி அமைச்சர் ஆல்பர்ட் கேலட்டின் இதற்கெல்லாம் முன்பே சொல்லிவிட்டார்: நாடு என்று ஒன்று இருந்தால் நிலம் சேர்க்கும் உரிமை அதற்குத் தானாகவே உண்டு. சட்டத்தில் எழுதாவிட்டாலும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஹாமில்டன் வங்கிக்குச் சொன்ன வாதத்தின் வாசனை இதில் அடிக்கிறதா? எனக்கு அடிக்கிறது.

ஒப்பந்தத்தை உறுதிப்படுத்த ஆறு மாதம்தான் கெடு, அக்டோபர் 30. திருத்தம் என்றால் மாநிலங்கள் எல்லாம் வாக்களித்து முடிய அதைவிட அதிக காலம் ஆகும். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிடலாம் என்று பாரிசிலிருந்து எச்சரிக்கை வந்தது. உடனே ஜெபர்சன் நண்பர்களுக்கு வேறு மாதிரி எழுதினார்: அரசியல் சட்டப் பிரச்சினையைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. செப்டம்பரில் நிக்கலஸ் என்ற செனட்டருக்கு எழுதியது இன்னும் வேடிக்கை. விளக்கம் சொல்லிச் சொல்லியே அரசியல் சட்டத்தை வெற்றுத் தாளாக்கிவிடக் கூடாது என்கிறார், அதே கடிதத்தில் நண்பர்கள் வேறு மாதிரி நினைத்தால் தானும் ஒத்துப்போவதாகச் சொல்லிவிடுகிறார். அக்டோபர் 20 அன்று செனட் 24-க்கு 7 என்று ஏற்றுக்கொண்டது. திருத்தம் வரவே இல்லை.

[திரையில்: செனட் வாக்குகள். 24 – 7.]

ஃபெடரலிஸ்ட்கள் என்ன செய்தார்கள்? வலுவான மத்திய அரசு வேண்டும் என்று பத்தாண்டுக்கு மேல் முழங்கியவர்கள், அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறதா பார் என்று திடீரென்று எழுத்தெண்ணிப் படிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு கட்சியும் வசனத்தை மாற்றிக்கொண்டன. வெறும் சந்தர்ப்பவாதம் என்று தள்ளிவிடலாம்தான், ஆனால் அவர்களுடைய பயத்தில் ஒரு கணக்கு இருந்தது. நிலம் வந்தால் மாநிலம் வரும். மாநிலம் வந்தால் செனட்டில் இரண்டு இடம் வரும். புதிய மாநிலங்கள் விவசாய மாநிலங்களாக, ஜெபர்சன் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலங்களாகத்தான் இருக்கும். தெற்கிலிருந்து போய்க் குடியேறுகிறவர்கள் அடிமைகளையும் கொண்டுபோவார்கள். ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணி, அதன்படி கீழவை இடங்களும் ஜனாதிபதித் தேர்வாளர்களும் ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் கூடுதல் எண்ணிக்கை இல்லாமல் 1800 தேர்தலில் ஜெபர்சனே ஜெயித்திருக்க மாட்டார் என்று நியூ இங்கிலாந்தில் புலம்பல். மாசசூசெட்ஸ் செனட்டர் டிமத்தி பிக்கரிங் இன்னும் ஒரு படி மேலே போய், வடக்கு மாநிலங்கள் தனியாகப் பிரிந்துவிடலாம் என்று 1804-இல் திட்டமே போட்டார். அது எடுபடவில்லை. அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ஜான் குயின்சி ஆடம்ஸ், ஃபெடரலிஸ்டாக இருந்தும் நிலம் வாங்கியதை ஆதரித்தார்.

பணம் எப்படிக் கொடுத்தார்கள் என்பது தனிக் கூத்து. மொத்தத்தில் 1.125 கோடி டாலருக்கு 6 சதவீத வட்டிக் கடன் பத்திரம், மீதியில் பிரான்ஸ் அமெரிக்க வணிகர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. பத்திரத்தை வாங்கி நெப்போலியனுக்குப் பணம் திரட்டியவை ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் லண்டனின் பேரிங் வங்கியும். 1803 மே மாதமே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டுவிட்டது!

[திரையில்: நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம். ஒரு கொடி இறங்க, இன்னொரு கொடி ஏறுகிறது.]

அங்கே வாழ்ந்தவர்களை யாராவது கேட்டார்களா? நியூ ஆர்லியன்ஸில் 1803 நவம்பர் 30 அன்று ஸ்பானியக் கொடி இறங்கி பிரெஞ்சுக் கொடி ஏறியது. டிசம்பர் 20 அன்று அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. இங்கிருப்பவர்களைக் குடிமக்களாக ஏற்று ஒன்றியத்தில் சேர்ப்போம் என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு சொன்னது. ஆனால் 1804-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் ஆளுநரும் சரி, 13 பேர் கொண்ட சபையும் சரி, எல்லாமே ஜனாதிபதி நியமனம். வாக்குரிமை இல்லாமல் ஆளக் கூடாது என்று பிரிட்டிஷ் மன்னரோடு சண்டை போட்ட நாடு இது. ஊர்ப் பெரியவர்கள் எதிர்ப்பு மனு எழுதி மூன்று பேரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கிடைத்தது. அந்த மனுவை வாசித்து ரொம்ப உருக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்கத் தடை போட்டதும் அதில் ஒரு குறையாக இருந்தது.

பூர்வகுடி நாடுகளுக்கு மனு கொடுக்கும் வாய்ப்பும் இல்லை. ஓசேஜ், லகோட்டா, கேடோ என்று பல நாடுகளின் நிலம் அது. பிரான்ஸ் அதன் பெரும்பகுதியை ஒருநாளும் ஆண்டதில்லை. ஆகவே 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது நிலத்தை என்பதைவிட, மற்ற ஐரோப்பிய நாடுகளைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மக்களிடம் பேரம் பேசும் ஏகபோக உரிமையை என்பதே சரி.

பேரம் எப்படி நடக்கும் என்பதை ஜெபர்சன் 1803 பிப்ரவரியிலேயே ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு எழுதிவிட்டார்: அரசு வணிகக் கடைகளைத் திறப்போம், அவர்களில் செல்வாக்கானவர்கள் கடன்பட்டால் சந்தோஷம், கட்ட முடியாத அளவுக்குக் கடன் ஏறினால் நிலத்தைக் கொடுத்துத் தீர்ப்பார்கள். 1804 நவம்பரில் ஒரு கொலை வழக்கைத் தீர்க்க செயின்ட் லூயிஸ் வந்திருந்த சாக், மெஸ்க்வாக்கி ஆட்கள் சிலரிடம் ஹாரிசன் கையெழுத்து வாங்கினார். மிசிசிப்பியின் இரு கரையிலும் பரந்த நிலம் போனது. விலை 2,234 டாலருக்குச் சரக்கு, பிறகு ஆண்டுக்கு 1,000 டாலர். அவர்களுக்கு நிலம் விற்கும் அதிகாரம் நாங்கள் கொடுக்கவே இல்லை என்றது அந்தச் சமூகம். அந்தக் கையெழுத்தை மறுத்து, இழந்த ஊருக்குத் திரும்ப வந்தவர்தான் சாக் தலைவர் பிளாக் ஹாக். 1832-இல் அது போராக முடிந்தது.

[திரையில்: வரைபடத்தில் 36 பாகை 30 நிமிட அட்சரேகை.]

1812-இல் நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் தெற்குப் பகுதி மட்டும் லூசியானா என்ற பெயரில் மாநிலமானது. அதற்கு முந்தைய ஆண்டு மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஜோசையா குயின்சி, இதைச் சேர்த்தால் ஒன்றியமே கலைந்ததாக அர்த்தம், முடிந்தால் சமாதானமாகப் பிரிவோம், இல்லையென்றால் வன்முறையாக என்று காங்கிரசிலேயே பேசினார். அப்போது சிரித்துவிட்டுப் போனவர்களுக்கு 1819-இல் மிசூரி மாநிலமாகச் சேர வந்தபோது சிரிப்பு வரவில்லை. அடிமை மாநிலங்கள் 11, அடிமை முறை இல்லாத மாநிலங்கள் 11. எந்தப் பக்கம் சாய்வது? 1820-இல் அடிமை முறை இல்லாத மெய்னையும் அடிமை மாநிலமாக மிசூரியையும் ஜோடியாகச் சேர்த்து, லூசியானா நிலத்தின் மிச்சத்தில் மிசூரியைத் தவிர அந்த அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று கோடு கிழித்தார்கள். வயதான ஜெபர்சன் அந்தச் செய்தி நள்ளிரவில் தீ விபத்து மணி அடித்தது போல் தன்னைத் திடுக்கிட வைத்ததாக எழுதினார்.

அந்தக் கோடு 34 ஆண்டு தாங்கியது. 1854-இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அதை அழித்த பிறகு கான்சாஸில் நடந்தது பெரிய கதை, அடுத்த வீடியோ முழுக்க அதுதான்.