முதல் கேள்வி எது? அரசுத் திட்டப் பொறியாளரை அலுவலகம் வார்க்கும் விதம்

(காட்சி: கிராமத்து வீதி. திறந்த பள்ளத்தில் குழாய். பக்கத்தில் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பு.)

கொங்குப் பக்கம் ஓர் ஊராட்சியில் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேதி மார்ச் 20. குழாய் இறக்கியாச்சு, ஜாயின்ட் போட்டாச்சு. அடுத்தது அழுத்தச் சோதனை. ஜாயின்ட் இருக்கிற இடங்களை மட்டும் மூடாமல் விட்டு, தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தத்தில் ஓடப்போகும் குழாய்க்கு 6 கிலோ. முள் அனுமதித்த அளவைத் தாண்டி இறங்கினால் எங்கோ கசிகிறது. உள்ளே காற்று நின்றிருந்தால் முள் காட்டுவதை நம்ப முடியாது. அதனால்தான் முதலில் காற்றை விரட்டுகிறோம்.

ஒரு பகுதிக்கு ஓரிரு நாள் பிடிக்கும். ஒப்பந்ததாரர் சொல்கிறார்: "மூடிரலாமுங்க சார், டெஸ்ட்ட பொறவு பாத்துக்கலாமுங்க." மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும். வண்டி போக வழியில்லை என்று சனங்களும் சத்தம் போடுகிறார்கள். உதவிப் பொறியாளர் மூடச் சொல்வாரா, சோதித்துவிட்டு மூடுவாரா?

அவர் படித்த கல்லூரியை வைத்து இதைச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி முதலில் என்ன கேட்பார் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். ஓர் அலுவலகத்தின் விழுமியம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

"எத்தனை சதவீதம் செலவு ஆச்சு?" என்பதே முதல் கேள்வியானால், சில வருடங்களில் அவர் பில் தயாரிப்பதிலும், பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவதிலும், ஆட்களை விரட்டி வேலை வாங்குவதிலும் கெட்டிக்காரராகிவிடுவார். இவையும் வேண்டிய திறமைகள்தான். ஆனால் கசிவைத் தேடும் கண் மங்கிவிடும். மூடிய ஜாயின்ட் ஒழுகினால், புதிதாகப் போட்ட ரோட்டையே மறுபடி வெட்ட வேண்டிவரும்.

(காட்சி: கடைசி வீட்டுக் குழாயடி. பிளாஸ்டிக் குடம். கைக்கடிகாரம்.)

"கடைசி வீட்டுக்குத் தண்ணி எப்படி வருது?" என்று கேட்கும் அலுவலகத்தில் பழகுவது வேறு. அந்தப் பொறியாளர் 15 லிட்டர் குடத்தை வைத்து நேரம் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். ஜல் ஜீவன் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275. ஆக, 37 நிமிடமாவது தண்ணீர் விட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஒன்றேகால் மணி நேரம். மேட்டுத் தெருவில் அதே குடத்துக்கு ஐந்து நிமிடம் ஆனால், பள்ளத்துத் தெரு வால்வை எத்தனை சுற்று மூடலாம் என்று அங்கேயே நின்று யோசிப்பார்.

முடிந்த வேலையின் அளவைப் பதியும் எம் புக்கிலும் இதே கதைதான். அளவை இடத்திலேயே எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும், மேலெழுதக் கூடாது. விதி எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்ததாரர் பில் கேட்ட 100 மீட்டருக்கு 92 மீட்டர்தான் இருக்கிறது என்று எழுதிய உதவிப் பொறியாளர் பக்கம் மேலதிகாரி நிற்கிறாரா என்பதுதான் விஷயம். ஒருமுறை கைவிட்டால் போதும், அடுத்த தடவை 100 என்றே எழுதுவார்.

டெண்டரில் வெளிப்படைத்தன்மையும் அப்படித்தான். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் சட்டத்தின் விதிகள்படி, டெண்டர் போடுவதற்கு 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதை மதிக்கிற இடத்தில் பொறியாளர் முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடப் பழகுகிறார். மதிக்காத இடத்தில் வேலையைத் துண்டு துண்டாக்கப் பழகுகிறார்.

(காட்சி: கீழ்பவானி வாய்க்கால்.)

கொஞ்சம் பெரிய உதாரணம் பார்ப்போம். கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். இதற்குக் கான்கிரீட் போடும் வேலையில் விவசாயிகளே இரு பக்கம் நின்றார்கள். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். வாய்க்காலோரக் கிணற்றுக்காரருக்குக் கசிவுநீர்தான் உயிர். இருவர் சொல்வதும் நியாயம். இங்கே எஸ்டிமேட் போடத் தெரிந்தால் மட்டும் ஆகாது. வேலைக்கு முன்பே கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிய வேண்டும். தலைமடையில் ஒரு கூட்டம், கடைமடையில் ஒரு கூட்டம், பிறகு இருவரையும் சேர்த்து ஒன்று. கூட்டத்தில் போகும் நாட்களை "தாமதம்" என்று குறிக்கும் அலுவலகத்தில் யாரும் இதைக் கற்கப்போவதில்லை. ஐபிஎம்ஏ எனும் உலகளாவிய திட்ட மேலாண்மை அமைப்பு, பண்பாட்டையும் விழுமியங்களையும் மேலாளருக்கான திறன்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

மாற்றத்தை எங்கே தொடங்குவது? ஆய்வுப் படிவத்தின் முதல் பத்தியில். செலவு சதவீதத்தை மூன்றாவது பத்திக்குத் தள்ளுங்கள். முதல் பத்தியில் கடைசி வீட்டுக் குடம் நிரம்பிய நேரம், இரண்டாவதில் சோதனை முடிந்த நீளம்.

அடுத்தது பணியிட மாறுதல். பாதி வேலையில் பொறியாளர் மாறிப்போனால், ரோட்டுக்கு அடியில் வால்வு எங்கே இருக்கிறது என்பதும் அவரோடு போய்விடும். ஃபைலை மேசையில் வாங்கிக்கொண்டால் போதாது. போகிறவரும் வருகிறவரும் லைன் நெடுக நடந்து, ஒவ்வொரு வால்வும் எந்த வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அரை நாள் வேலை. விடுவிப்பு ஆணையில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.