வானில் பறந்தவர்கள், வானில் வந்தவர்கள்

சபையிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவருக்கு வான் பைத்தியம்" என்றார். பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டார் வேன் என்பதை நாங்கள் வான் என்கிறோம், பிள்ளைகளே. நல்லதாகப் போயிற்று. இன்றைக்கு நான் பேசப்போவது இரண்டு வானையும் பற்றித்தான்.

என்னிடம் இருப்பது 1974-ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கேம்பர் வான். உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம். எஞ்சின் பின்பக்கம். மேட்டில் ஏறும்போது வைக்கோல் லொறிகூட எங்களை முந்திக்கொண்டு போகும். கோடையில் சனி ஞாயிறு வந்தால் இப்படிப்பட்ட வான்காரர் இருபது முப்பது பேர் ஒரு வயலில் கூடுவோம். முதலில் கதைப்பது துருவைப் பற்றி. பிறகு கார்புரேட்டர். இருட்டி, இரண்டாவது தேத்தண்ணியும் முடிந்த பிறகு யாராவது ஒருவர், "என் அப்பா லங்காஸ்டரில் போனவர்" என்று தொடங்குவார். லங்காஸ்டர் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்.

அந்தப் பேச்சு அங்கே வருவதற்கு இடமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் நாங்கள் கூடுகிற லிங்கன்சயர் தட்டையான மண். இரண்டாம் உலகப்போர் முடியும்போது அந்த ஒரு கவுண்டியில் மட்டும் ஐம்பதை ஒட்டிய விமானத் தளங்கள் இருந்தன. இன்று பலவற்றில் கோதுமை விளைகிறது. நாங்கள் கூடாரம் அடிக்கிற புல்லுக்குக் கீழே ஆணி இறங்காமல் நின்றால், அது பழைய ஓடுபாதைக் கொங்கிறீட்.

ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர். விமானி, எஞ்சினைப் பார்ப்பவர், வழி கணிப்பவர், குண்டு விடுபவர், வானொலிக்காரர், மேல் துப்பாக்கிக்காரர், வால் துப்பாக்கிக்காரர். கனபேர் இருபதைத் தாண்டிய பொடியன்கள். முப்பது தடவை போய்வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று இறக்கிவிடுவார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பொம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. இரண்டு பேரில் ஒருவர் என்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு பேர் போன பிறகும் லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் வந்தது 2012-இல்தான். அடுத்த வருடம், பதக்க நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு கொடுத்தார்கள். வாங்க ஆள் இருந்த வீடுகளுக்குக் கிடைத்தது.

எனக்குப் பக்கத்தில் வழக்கமாக வானை நிறுத்துகிற ஒருவர் இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அப்பா வால் துப்பாக்கிக்காரர். அந்த ஆள் மற்ற ஆறு பேருக்கும் முதுகு காட்டி, விமானத்தின் கடைசி நுனியில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியே எட்டு மணி நேரம் இருப்பார். பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிர். போகிற இடம் அவர் கண்ணில் படாது. விட்டுவந்த இடம்தான் தெரியும், எரிவதும் தெரியும்.

"அப்பா போரைப் பற்றி வாயே திறந்ததில்லை" என்றார் மகன். "ஆனால் ரயிலில் ஏறினால் பின்பக்கம் பார்க்கிற சீற்றைத்தான் தேடுவார். அம்மாவுக்குத் தலை சுற்றும். நாங்கள் வான் வாங்கியபோதும், விமானிக்கு முதுகு காட்டுகிற அந்தக் குட்டிச் சீற்றில்தான் இருந்தார், சாகும்வரை." விமானி என்று சொல்லிவிட்டு, சாரதி என்று திருத்தினார்.

இன்னொரு அம்மா. அவருடைய மாமா வானொலிக்காரர், திரும்பி வரவில்லை. "காணவில்லை" என்று வந்த தந்தியை அம்மம்மா தேயிலைத் தகரத்துக்குள் வைத்திருந்தாராம். பிறகு முகாமிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இறந்தவர்களின் பொருட்களைப் பொறுக்கி அனுப்பவே தளங்களில் தனி அதிகாரிகள் இருந்தார்கள். வீட்டாரை நோகடிக்கக்கூடிய கடிதங்கள், படங்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தப் பெட்டியில் சவர்க்காரக் கட்டி ஒன்று, பாதி தேய்ந்தது. எண்பது வருடம் கழித்து இந்த அம்மா கேட்கிறார்: "பெட்டியில் என்ன இல்லாமல் வந்தது?" சவர்க்காரத்தைவிட அந்தக் கேள்விதான் அவர்கள் வீட்டின் முதுசொம் என்று எனக்குப் பட்டது.

எங்கள் வான்களின் கதையையும் சொல்ல வேண்டும். வொக்ஸ்வாகன் தொழிற்சாலை போர்க்காலத்தில் வீ-1 பறக்கும் குண்டுக்குப் பாகங்கள் செய்தது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். 1944-இல் அதன்மேல் குண்டு விழுந்தது. போட்டவர்கள் அமெரிக்கர்கள், பக்கத்து வான்காரர் இதை யார் மாற்றிச் சொன்னாலும் விடமாட்டார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படையின் மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் அந்த இடிபாட்டை ஒழுங்காக்கி மீண்டும் கார் செய்ய வைத்தார். ஆலைக்குள் சாமான் இழுக்க ஓடிய தட்டை வண்டியைப் பார்த்துத்தான் பென் பொன் என்ற டச்சு வியாபாரி, 1947 ஏப்ரலில், தன் குறிப்புக் கொப்பியில் ஒரு பெட்டி வண்டியைக் கீறினார். 1950 மார்ச்சில் அதுவே ஆலையைவிட்டு வெளியே வந்தது. ஜேர்மனிக்குக் குண்டு கொண்டுபோனவரின் மகன், அங்கே செய்த வானுக்குள் படுத்துக்கொண்டு அப்பா தன் பறப்புகளைக் குறித்துவைத்த லொக் புத்தகத்தைக் காட்டுகிறார். அதில் யாருக்கும் வெட்கமில்லை. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. யோர்க்சயரில் பொக்லிங்டன் தளத்திலிருந்து ஹலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் போன 102-ஆம் அணியின் பெயர் "சிலோன்" அணி. குடியேற்ற நாடுகள் போருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தால், அவற்றின் பெயரை அணிகளுக்கு வைத்தார்கள். "மெட்ராஸ் பிரசிடென்சி" என்ற பெயரிலும் அணிகள் பறந்தன. எங்கள் பாட்டன்மார் காலத்துக் காசு எந்தப் பட்டணத்தின்மேல் போய் விழுந்ததோ.

கீழே இருந்தவர்களைப் பற்றி அந்த வயலில் யாரும் கனக்கக் கதைப்பதில்லை. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றிக் கதைக்க வந்தவர் ஊரான் அப்பாவை எப்படி நினைப்பார்? ஆனால் லொக் புத்தகத்தில் இரவுப் பறப்புகள் சிவப்பு மையில் இருக்கும். நாள், விமானம், ஊர்ப்பெயர், எத்தனை மணி நேரம். அவ்வளவுதான். 1943 ஜூலைக் கடைசிக்கு எதிரே "ஹம்பேர்க்" என்று இருந்தது. அந்தச் சில இரவுகளில் அங்கே 35,000-க்கும் மேற்பட்டவர்கள் எரிந்தும் மூச்சடைத்தும் செத்தார்கள். அந்த வரியில் விரலை வைத்தபடி நான் நெடுநேரம் இருந்துவிட்டேன்.

பக்கத்து வான்காரர் கவனித்துவிட்டு, "என்ன?" என்றார். சொன்னேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடக் காலத்தில் முற்றத்தில் பங்கர் வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, அதற்குள் ஓடிப் பதுங்கி வளர்ந்தவன். பொம்பர் வருகிற சத்தம் எங்கள் அம்மாவைவிட எங்கள் நாய்க்குத்தான் முதலில் கேட்கும். அது பங்கருக்குள் ஓடினால் நாங்களும் ஓடுவோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "கீழே இருந்து கேட்க எப்படி இருக்கும்? அப்பாவிடம் கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பேனையை எடுத்து எழுதிக்கொண்டார், ஆசிரியர் அல்லவா.

அடுத்த கோடையில் எங்கள் கூட்டம் லிங்கன்சயரிலேயே உள்ள ஈஸ்ட் கேர்க்பிக்குப் போனது. பிரெட், ஹரல்ட் பன்ரன் என்ற கமக்காரச் சகோதரர்கள் 1983-இல் ஒரு லங்காஸ்டரை வாங்கி, அங்கேயே பழைய விமானத் தளத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்தோபர், 1944 மார்ச் 30 இரவு நியூரம்பேர்க் போய்த் திரும்பவில்லை. அந்த ஒரே இரவில் 95 விமானங்கள் அழிந்தன. அண்ணனுக்காகத்தான் அந்த அரும்பொருளகம். விமானம் பறக்காது, நான்கு மெர்லின் எஞ்சினையும் முடுக்கி, புல்லில் ஓட்டிக் காட்டுவார்கள்.

முடுக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சவர்க்காரக் கட்டி அம்மா அழுதார். பலர் அழுதார்கள், சிரித்துக்கொண்டே. என் முழங்கால் என்னைக் கேட்காமல் மடிந்தது. பல வருடமாக இங்கிலாந்துத் தேத்தண்ணி குடிக்கிற முழங்கால். பக்கத்து வான்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். நான் உள்ளே போய் இருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தன் அப்பாவின் அந்தக் குட்டிச் சீற்றில் எனக்கு எதிரே இருந்து, சத்தம் நிற்கும்வரை துருவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.