கேட்பது என்றால் இரண்டு வேலை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர்களே, வணக்கம்.

‘தகவல் பரிமாற்றத்தில் பெரிய பொறுப்பு சொல்பவருக்கா, கேட்பவருக்கா?’ இதுதான் தலைப்பு. கேட்பவருக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர் நன்றாகவே பேசினார். “குறியாக்கம் பிழையில்லாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்” என்று அவர் முழங்கியபோது அரங்கமே கைதட்டியது. நடுவர் மட்டும் கைதட்டாமல், “குறியாக்கம் என்றால் என்ன தம்பி?” என்று கேட்டார். அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பொறியாளர் கிளாட் ஷானன் 1948-இல் வரைந்த தகவல் தொடர்புப் படத்தைத்தான் நண்பர் பெரிய சாட்சியாகக் கொண்டுவந்தார். மூலத்திலிருந்து செய்தி புறப்படுகிறது. செலுத்தி அதைக் கம்பியில் போகும் சமிக்ஞையாக மாற்றுகிறது. வழியில் இரைச்சல் கலக்கிறது. மறுமுனையில் ஏற்பி அதை வாங்கிப் பிரிக்கிறது. அம்பு ஒரே திசையில் போகிறது, ஆகவே தொடங்கிவைப்பவரே தலைவர் என்றார். சரி, ஷானன் எங்கே வேலை பார்த்தார்? பெல் தொலைபேசி ஆய்வகத்தில். ஒரு கம்பி வழியாக எவ்வளவு தகவலைப் பிழையில்லாமல் அனுப்ப முடியும் என்பது அவர் கவலை. செய்தியின் அர்த்தத்துக்கும் இந்தப் பொறியியல் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அர்த்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்த படத்தை, மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா?

அந்த அம்பை 1954-இல் தொடர்பியல் அறிஞர் வில்பர் ஷ்ராம் வட்டமாக வளைத்தார். சொல்பவருக்கு ஓர் அனுபவப் பரப்பு, கேட்பவருக்கு இன்னொன்று. இரண்டும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவோ அங்கேதான் புரிதல் என்றார். ‘சாயங்காலம் வருகிறேன்’ என்கிறார் ஒருவர். அவருக்குச் சாயங்காலம் என்றால் ஏழு மணி. கேட்டவருக்கு நான்கு மணி. உச்சரிப்பு சுத்தம், இலக்கணம் சுத்தம், இரைச்சல் துளியும் இல்லை. இருந்தும் ஒரு மனிதர் மூன்று மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

‘ஏழு மணி என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே’ என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. அவருக்கு அது தோன்றியிருக்காது என்பதுதான் விஷயம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1990-இல் எலிசபெத் நியூட்டன் ஓர் ஆய்வு செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு மேசையில் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். மொத்தம் 120 பாட்டுகள். கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று! தட்டுகிறவர் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிராளிக்குக் கிடைப்பதோ வெறும் டொக் டொக். தன் பேச்சில் எது விட்டுப்போயிற்று என்று சொல்பவருக்குத் தெரிய வழியே இல்லை, நடுவர் அவர்களே. அந்த ஓட்டை கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படும்.

நம் மொழி இதை எப்போதோ கண்டுகொண்டது என்று எனக்கு ஓர் எண்ணம். ‘கேள்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்குக் காதால் வாங்குவது என்றும் பொருள், வினவுவது என்றும் பொருள். கேட்டவரிடமிருந்து திரும்பி வரும் பதிலைப் பாடப் புத்தகம் பின்னூட்டம் என்று தனி அத்தியாயம் போட்டு நடத்துவது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியலைப் பாருங்கள். செய்யுளின் உறுப்புகளில் கூற்று, அதாவது பேச்சு, ஒன்று என்றால், கேட்போரும் ஓர் உறுப்பு. கேட்பவர் வெளியே நிற்கும் பார்வையாளர் அல்லர், படைப்புக்குள்ளேயே இருக்கிறார்.

வினவுவது என்ற இந்த இரண்டாவது வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் கேஎல்எம் விமானம் ஒன்று, பான் ஆம் விமானம் ஒன்று. ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை. கேஎல்எம் துணை விமானி, ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. கோபுரம் ‘ஓகே’ என்றது. ஒரு கணம் விட்டு, ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்றது. அதே நேரத்தில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதின. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும். மிச்சம் ஒரு கீச்சொலி.

அந்த அறையில் ஒரே ஒருவர் கேட்டார். விமானப் பொறியாளர். அடுத்து வானொலியில் வந்த உரையாடலைக் காதில் வாங்கிவிட்டு, ‘அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?’ என்று வினவினார். கேப்டன், ‘விலகிவிட்டது’ என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

துணை விமானியின் வாக்கியம் குழப்பமானது, மறுக்கவில்லை. அதனால்தான் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. இந்த விதியை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கூடவே இன்னொன்றும் இறுகியது: வெறும் ‘ஓகே’ போதாது, கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கோபுரமும் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். கணக்குப் பார்த்தால் சொல்பவரும் அங்கே கேட்பவராகிவிடுகிறார்.

அப்புறம் அந்த சதவீதம். சொல் 7, குரல் 38, முகம் 55, ஆகவே பேசுபவரின் உடல்மொழியே எல்லாம் என்றார் நண்பர். எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியனுடையவை, 1967. சொல் ஒன்றும் குரலும் முகமும் வேறொன்றும் சொல்லும்போது, பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்று பார்த்த ஆய்வுகள் அவை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருந்துமானால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு என் கையையும் முகத்தையும் மட்டும் பாருங்கள், பாதிக்கு மேல் புரிந்துவிட வேண்டும். சிலருக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கலாம்.

மௌனத்தையும் சொல்லிவிடுகிறேன், மணி அடிக்கப் போகிறது. உளவியலாளர் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய சகாக்களும் அதே 1967-இல், தொடர்பு கொள்ளாமல் இருக்கவே மனிதனால் முடியாது என்றார்கள். ஒருவர் களைப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கோபம் என்று படிக்கிறார். இங்கே குறியாக்கம் செய்தது யார்? ஒருவரும் இல்லை. செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது நடுவரின் கேள்விக்கு வருகிறேன். “குறியாக்கம் என்றால் என்ன தம்பி?” என்று நீங்கள் கேட்ட பிறகுதான் நண்பர் நிதானித்து, “மனதில் இருப்பதைச் சொல்லாக, சைகையாக மாற்றுவது” என்றார். கைதட்டிய எங்களில் பலருக்கு அதுவரை அது புரிந்திருக்கவில்லை. நான் குறிப்பெடுத்ததும் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான், இவ்வளவு நேரம் பதில் சொன்னதும் அதற்குத்தான். நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் நான் வேறு எதற்கோ பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன், அதற்கும் இவர்கள் கைதட்டியிருப்பார்கள். வணக்கம்.